பூனைக்கண்ணும் வெள்ளை முடியும்

நெற்றிக்கு மேலே ஒரு கற்றை வெள்ளை முடி, நீலம் பாய்ந்த பூனைக்கண். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அப்படியொரு பிள்ளை பிறந்தால் ஊரே வேடிக்கை பார்க்கும். காது கேட்கவில்லை என்பது அப்புறம்தான் உறைக்கும். அதற்குள், "இவ அப்பனும் மூணு வயசுலதாம்ளா பேசினான்" என்று மருமகளைத் தேற்றி, ஆச்சி பிள்ளையின் நாக்கில் வசம்பு தேய்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த அடையாளங்கள் சேர்ந்து வந்தால் அது வார்டன்பர்க் நோயாக இருக்கலாம். ஏறத்தாழ 40,000 பேரில் ஒருவருக்கு வரும் அபூர்வ நோய். 1951இல் அதை விரிவாக எழுதிய டச்சுக் கண் மருத்துவரின் பெயர் அது. முடிக்கும் கண்ணுக்கும் நிறம் தரும் செல்கள் காதுக்குள் இருக்கும் நத்தைச் சுருளிலும் உண்டு. அங்குள்ள திரவத்தில் மின்னழுத்தம் குறையாமல் காப்பவை அவைதாம். அவை இல்லையென்றால் ஒலி நரம்பைத் தொடாது. சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்று இதற்கும் பேசுவார்கள். வேறு பல வகைக் காது கேளாமைக்கு அது பொருந்தும். இந்த நோயோ பெரும்பாலும் தாய், தகப்பன் இருவரில் ஒருவர் வழியாகவே இறங்கிவிடும்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இருந்த நல்ல வழி, காது கேளாதோருக்கான பாளையங்கோட்டை பிளாரன்ஸ் சுவைன்சன் பள்ளி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு மிஷனரி அம்மையார் தொடங்கியது. பிற்பாடு காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவி வந்தபோதும் அது சென்னைச் சமாச்சாரம், லட்சங்களின் சமாச்சாரம்.

இன்று முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில், சின்னப் பிள்ளைகளுக்கு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலேயே அந்த ஆபரேஷன் நடக்கிறது. பழுதான சுருளைத் தாண்டி, கருவி நேராக நரம்பைத் தூண்டும். இந்த நோயில் நரம்பு பெரும்பாலும் நன்றாக இருப்பதால் பலனும் நன்றாகவே இருக்கிறது. சில வாரம் கழித்து சுவிட்ச் போடுகிற அன்று பல பிள்ளைகள் மிரண்டு அழுதுவிடும்.

வேலை அதன்பிறகுதான். தினமும் காலையில் அம்மா வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்று ஆறு ஒலி சொல்ல வேண்டும். பிள்ளை திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. பாபநாசத்திலிருந்து வருகிற கூலிக்காரத் தாய்க்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் சம்பளம். எத்தனை ஆபரேஷன் என்று எண்ணுகிறோம். இதை யார் எண்ணுகிறார்கள்?

வயர் அறுந்தாலோ, வியர்வை இறங்கினாலோ, குளிக்கக் கழற்றினாலோ பிள்ளைக்கு மறுபடி எதுவும் கேட்காது. ஆகவே கருவி வந்த வீட்டிலும் நாலு கைச்சைகை பழகிவைப்பது நல்லது. கைமொழி பழகினால் பேச்சு வராது என்று பயமுறுத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.