பெட்டியில் 3200, உள்ளே 2666

2020-ல் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தவர்களில் பலர் இந்தக் கணக்கில் மாட்டியிருப்பார்கள். கோர் ஐ5-10400 ப்ராசஸர், பி460 மதர்போர்டு, பெட்டியில் 3200 என்று கொட்டை எழுத்தில் போட்ட டிடிஆர்4 ரேம். எல்லாம் நல்ல சரக்கு. மாட்டி, விண்டோஸ் ஏற்றி, டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ரேமின் வேகம் 2666 என்று நிற்கும். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை ஆன் செய்தாலும் அதே 2666. கடைக்காரரைக் கேட்டால், “ரேம்ல ஒரு ப்ராப்ளமும் இல்ல சார்” என்பார். அவர் சொன்னது உண்மைதான்.

அந்த ப்ராசஸருக்கு இன்டெல் குறித்து வைத்த மெமரி வேகம் 2666. அதைத் தாண்ட வேண்டுமானால் இசட்490 சிப்செட் போர்டு வாங்கியிருக்க வேண்டும். பி460-ல் அந்தக் கதவை இன்டெல் பூட்டியே வைத்திருந்தது. அடுத்த ஆண்டு வந்த பி560-ல் பூட்டு திறந்தது. கூடவே வந்த மலிவு விலை எச்510-ல் திறக்கவில்லை. மின்னணுவியல் பாடப்புத்தகத்தில் இதற்குக் காரணம் தேடிப் பயனில்லை. சுத்தமான வியாபாரக் கணக்கு.

ரேம் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் ஓவர்கிளாக் எண். மெமரிக்குத் தர விதி வகுக்கும் ஜெடெக் அமைப்பு, டிடிஆர்4-க்கு 1.2 வோல்ட் என்று வைத்திருக்கிறது. கடையில் கிடைக்கும் 3200, 3600 கேமிங் ரேம்களில் பல அந்த வேகத்தைத் தொட 1.35 வோல்ட் கேட்பவை. ஒவ்வொரு ரேமிலும் ஒரு குட்டிச் சிப் உண்டு. பாதுகாப்பான வேகங்கள் அதில் எழுதப்பட்டிருக்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் போர்டு அதைப் படித்து 2133, 2400 என்று அடக்கமாகத் தொடங்கும். அதே சிப்பின் இன்னொரு மூலையில் இருக்கிறது பெட்டியில் போட்ட வேகம். அதை எடுத்துக்கொள் என்று நாம்தான் சொல்ல வேண்டும். இன்டெல் 2007-ல் டிடிஆர்3 காலத்தில் கொண்டுவந்த எக்ஸ்எம்பி அதற்கான வழி. 2022-ல் ரைசன் 7000 வந்தபோது ஏஎம்டி தன் பங்குக்கு எக்ஸ்போ என்று ஒன்றை இறக்கியது.

இந்த விஷயம் தெரியாமலே பல ஆண்டுகளாக 3600 ரேமை 2133-ல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். ரேமில் கலர் விளக்கு மட்டும் ஜோராக எரியும். பெட்டியில் போட்ட வேகம் மாட்டியவுடன் வருவதில்லை என்று அமெரிக்காவில் கோர்செயர் மீது வழக்கே போட்டார்கள். தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல் 55 லட்சம் டாலருக்கு நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

எண் பெரிதானால் ரேம் வேகமாகிவிடும் என்பதும் பாதிதான் சரி. 3200-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் சிஎல் 16 என்று இருக்கும். கேட்ட தரவின் முதல் துணுக்கை எடுத்துத் தர ரேமுக்கு எத்தனை கிளாக் சுற்று வேண்டும் என்பதே அது. சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, ரேமின் வேகத்தால் வகுத்தால் காத்திருப்பு நேரம் நானோ விநாடியில் வந்துவிடும். 2133 சிஎல் 15 என்றால் 14. 3200 சிஎல் 16 என்றால் 10. கூடுதல் விலை கொடுத்து வாங்கும் 3600 சிஎல் 18? அதுவும் 10-தான். விநாடிக்குக் கடத்தும் தரவின் அளவு எட்டில் ஒரு பங்கு கூடும். காத்திருப்பில் ஒரு மாற்றமும் இல்லை. சிஎல் எவ்வளவு என்று கேட்காமல் ரேம் வாங்குவது பாதி விலைப்பட்டியலை மட்டும் படிப்பது மாதிரி.

ரேமும் போர்டும் சம்மதித்தாலும் ப்ராசஸர் சம்மதிக்க வேண்டும். மெமரி கன்ட்ரோலர் ஒரு காலத்தில் மதர்போர்டில் இருந்தது. ஏஎம்டி 2003-ல் அத்லான் 64-லும், இன்டெல் 2008-லும் அதை ப்ராசஸருக்குள்ளேயே கொண்டுபோய்விட்டன. அதனால் ஒரே மாடல் ப்ராசஸர் இரண்டு வாங்கினாலும் ஒன்று தாங்கும் வேகத்தை மற்றது தாங்காமல் போகலாம். ரைசன் 5000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரேம், அதன் கன்ட்ரோலர், ப்ராசஸரின் உள்பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் ஆகிய மூன்றும் 3600 வரை ஒரே தாளத்தில் ஓடும். சில சிப்கள் 3800 வரை வரும். ஆசைப்பட்டு 4000 வைத்தால், பல போர்டுகள் கன்ட்ரோலரைப் பாதி வேகத்துக்கு இறக்கிவிடும். டாஸ்க் மேனேஜரில் எண் ஏறியிருக்கும். ரேமின் பதில் தாமதமாகியிருக்கும். கேம் முன்னைவிடத் தொய்வாக ஓடலாம். ரைசன் 7000-க்கு இரண்டு ரேம் போட்டால் ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் 5200. நடைமுறையில் எக்ஸ்போ வழியாக 6000-ல் நன்றாக ஓடுகிறது. நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் அந்த உறுதி 3600-க்கு இறங்கிவிடும். ‘இப்போ ரெண்டு, அப்புறம் ரெண்டு’ என்று திட்டம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய எண் இது. முதலிலேயே இரண்டு பெரிய ரேமாக வாங்கிவிடுவது நல்லது.

ரேமை எதில் செருகுகிறோம் என்பதும் முக்கியம். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகள் பெரும்பாலானவற்றில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் சரி. வேகத்தை மாற்றி சேவ் செய்ததும் திரை கறுத்துவிடும். போர்டு புது வேகத்தில் ரேமோடு பேசிப் பார்த்து, நேரக் கணக்குகளைத் தானே சரிசெய்துகொள்ளும் கட்டம் அது. டிடிஆர்5-ல் முதல் முறை சில நிமிடங்கள்கூட ஆகும். போர்டு செத்துவிட்டது என்று பதறி சுவிட்சை அணைக்கிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். உண்மையிலேயே எழுந்திருக்கவில்லை என்றால், மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, போர்டில் உள்ள சிஎம்ஓஎஸ் அழிப்பு முனைகளைத் தொடுத்தால் பழைய அடக்கமான வேகத்துக்குத் திரும்பிவிடும்.

வோல்டேஜ் விஷயத்தில் அவ்வளவு சுலபமாகத் திரும்ப முடியாது. 2023 ஏப்ரலில் ரைசன் 7 7800எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில, சாக்கெட்டோடு சேர்த்துக் கருகின. எக்ஸ்போவை ஆன் செய்ததும் சில போர்டுகள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குத் தாமாகவே வோல்டேஜை ஏற்றியது காரணங்களில் ஒன்று. ஏஎம்டி உடனே பயாஸ் அப்டேட் வழியாக அதற்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்தது. ‘ஆட்டோ’ என்று விட்டுவிட்டால் போர்டு பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள், பழைய பயாஸோடு எக்ஸ்போவைத் தொட வேண்டாம். வேகக் கணக்கைத் தாண்டி ஓட்டினால் வாரண்டி பாதிக்கப்படலாம் என்று இன்டெல், ஏஎம்டி இரண்டுமே எழுதி வைத்திருக்கின்றன.

கம்ப்யூட்டர் ஆன் ஆகி, கேமும் ஓடிவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. ரேம் தடுமாறும்போது எப்போதும் நீலத்திரை வராது. ஜிப் கோப்பு விரிய மறுக்கும். விண்டோஸ் அப்டேட் காரணமில்லாமல் தோற்கும். காப்பி செய்த படம் ஒன்றில் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகும். அது தெரியவே மாதக்கணக்கில் ஆகலாம். டிடிஆர்5 தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளுமே என்பார்கள். சிப்புக்குள் நடக்கும் பிழையைத்தான் அது திருத்தும். ரேமிலிருந்து ப்ராசஸருக்குப் போகும் வழியில் நடப்பது அதன் கண்ணில் படாது. இரவு மெம்டெஸ்ட்86-ஐ ஓடவிட்டுப் படுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் ஒரு படி இறங்குங்கள். மார்கழியில் தேறிய ரேம் சித்திரை மதியத்தில் தோற்பதும் உண்டு. சூடு ஏறினால் மெமரி சிப்பில் மின்னூட்டம் சீக்கிரம் கசியும்.

இத்தனை பாடும் யாருக்கு லாபம்? தனி கிராபிக்ஸ் கார்டு போட்டு 4கே-யில் விளையாடுகிறவருக்கு வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ரைசன் 5 5600ஜி மாதிரி, உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ப்ராசஸர்காரர்களுக்குத்தான் நல்ல பலன். கிராபிக்ஸும் இதே ரேமைப் பிடித்துத் தொங்குவதால் ஒவ்வொரு படியும் கேமில் தெரியும். ஆனால் அவர்களிலும் பலர் 16 ஜிபியை ஒரே ரேமாக மாட்டியிருப்பார்கள். 3200-ல் ஒரு ரேம் விநாடிக்கு 25.6 ஜிபி கடத்தும். 8 ஜிபி இரண்டாகப் போட்டிருந்தால் 51.2. பயாஸ் பக்கம் போவதற்கு முன், கம்ப்யூட்டரின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து எத்தனை ரேம் இருக்கிறது என்று எண்ணிவிடலாம்.