தொழில்முறைப் படமும் உடைத் தேர்வும்

சங்கப் புலவர் வரிசையில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றொருவர் உண்டு. அறுவை என்பது துணி. மதுரைக் கூலவாணிகன் சாத்தனாரோ தானியம் விற்றவர். பெயரைச் சொன்ன அளவிலேயே இவர்களின் தொழிலும் கேட்போர்க்கு விளங்கிவிடும். இன்று அப்பணியைப் பெரும்பாலும் ஓர் ஒளிப்படம் செய்கிறது. வேலைக்கு அனுப்பும் விண்ணப்பம், நிறுவனத்தின் அறிமுக ஏடு, லிங்க்ட்இன் போன்ற தளங்கள் ஆகிய எதுவாயினும், நாம் பேசுவதற்கு முன்னரே நம் படம் அங்குச் சென்று சேர்ந்துவிடுகிறது. அப்படத்தில் முகத்தைவிட மிகுதியான இடத்தைப் பிடிப்பது உடையே. ஆகவே அதனைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றி மாணவர்கள் சற்று எண்ணிப் பார்ப்பது நலம்.

இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் துணியை நன்கறிந்த ஊர்கள். பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936ஆம் ஆண்டு நிறுவிய நூற்பாலை இராசபாளையத்தின் முகத்தையே மாற்றியது. அதனை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யப்படுகிறது. திருவில்லிபுத்தூரை அடுத்த சுந்தரபாண்டியம் கைத்தறிச் சேலைக்குப் பெயர் பெற்றது. இத்தகைய மண்ணில் வளர்ந்த மாணவர், படம் எடுக்க வேண்டுமென்றதும் இரவல் கோட்டுக்கு அலைவதைக் காணும்போது வியப்பாகவே இருக்கிறது. கோட்டு கிடைக்காவிடினும் கவலையில்லை. கணினியில் கழுத்துக்குக் கீழே ஒரு கோட்டையும் கழுத்துப்பட்டையையும் ஒட்டித்தரும் ஒளிப்பட நிலையங்கள் பல உள்ளன. அந்தக் கோட்டின் தோள் வேறு அளவில் இருக்கும். ஒளி வேறு திசையிலிருந்து விழும். நாள்தோறும் நூறு விண்ணப்பங்களைப் புரட்டும் அலுவலர் கண்ணுக்கு அது தப்புவதில்லை. முதல் பார்வையிலேயே ஐயத்தை விளைவிக்கும் படத்தால் பயன் என்ன?

உடையை அறிந்து தேர்ந்தவர்களின் படங்களைப் பார்த்தல் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராயிருந்த காந்தியடிகளின் படத்தில் கோட்டும் கழுத்துப்பட்டையும் உள்ளன. 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் மதுரை மேலமாசி வீதி இல்லத்தில் அவர் அரையாடைக்கு மாறினார். 1931இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்றபோதும், அரண்மனை விருந்திலும், அதே கோலத்திலேயே நின்றார். அண்ணல் அம்பேத்கரோ இதற்கு நேர்மாறானவர். நல்லுடை அணியும் உரிமையே மறுக்கப்பட்ட மக்களிடையே தோன்றிய அவர், முழுமையான மேலைநாட்டு உடையில் படங்களில் காட்சி தருகிறார். ஒருவர் களைந்தார், மற்றவர் அணிந்தார். இருவருமே தாம் யார், யாருக்காகப் பேசுகிறோம் என்பதை உடையால் அறிவித்தனர்.

இராசபாளையம் தந்த பூ.ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண அரசின் தலைமையை ஏற்றிருந்தவர், காந்தியர். தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்திற்கு வழங்கிவிட்டவர். அத்தகையவரின் எளிய கோலத்தைப் படத்தில் காணும்போது அதனை நம்ப முடிகிறது. வாழ்வும் உடையும் ஒன்றுக்கொன்று சான்று கூறுகின்றன அல்லவா?

எனவே முதற்கேள்வி, 'எது அழகு?' என்பதன்று, 'இப்படத்தைப் பார்ப்பவர் நாளை என்னை நேரில் எந்த உடையில் காண்பார்?' என்பதே. ஆசிரியப் பணிக்கு விண்ணப்பிப்பவர் வகுப்பறைக்குச் செல்லும் பருத்திச் சேலையிலோ முழுக்கைச் சட்டையிலோ இருக்கலாம். கைத்தறி வணிகம் தொடங்கும் பெண் தம் தறியில் நெய்த சேலையை உடுத்தி நின்றால் அதனினும் சிறந்த விளம்பரம் இல்லை. வழக்கறிஞர் மட்டும் கவனமாயிருத்தல் வேண்டும். நீதிமன்றத்திற்கு வெளியே, சடங்கு நிகழ்வுகள் போன்றவை தவிர, வெள்ளைக் கழுத்துப்பட்டையும் மேலங்கியும் அணியலாகாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. விளம்பரம் செய்துகொள்வதையும் அவ்விதிகள் தடுக்கின்றன.

இனி, கேமராவின் கண்ணுக்கும் சில இயல்புகள் உண்டு. பழங்காலத்து ஒளிப்படத் தகடுகள் சிவப்பு நிறத்தை உணரமாட்டா. அதனால் சிவப்புப் பட்டு கறுப்பாகவும், நீலத்துணி வெளிறியும் பதிந்தன. அக்குறை நீங்கிவிட்டது, வேறொன்று வந்துள்ளது. இன்றைய கேமராவில் ஒளியை வாங்கும் நுண்புள்ளிகள் கட்டம் கட்டமாக அடுக்கப்பட்டுள்ளன. மிக நெருங்கிய கோடுகளோ சிறு கட்டங்களோ கொண்ட துணி அவ்வடுக்கோடு மோதும்போது, துணியில் இல்லாத அலைகள் படத்தில் நெளிகின்றன. ஆகவே படத்திற்கு ஒரே நிறத் துணி நன்று. தூய வெள்ளைச் சட்டை கடும் ஒளியில் மடிப்புத் தெரியாமல் வெறும் வெண்பரப்பாகிவிடும். கடவுச்சீட்டுப் படத்தைப்போலப் பின்னணியும் வெள்ளையாயின் தோள் எங்கே முடிகிறதென்றே தெரியாது. பளிச்சிடும் பச்சை, மஞ்சள் ஆடைகளின் நிறம் தாடையின் அடியில் படிந்து முகத்தை நோயுற்றதுபோல் காட்டும். கருநீலம், அடர்சாம்பல், அரக்கு, மங்கிய பச்சை ஆகியவை நம் மாநிறத்திற்கு இசைந்தவை. சிவந்த நிறமாகத் தெரிய வேண்டுமென்று முகத்தைக் கணினியில் வெளுக்கச் செய்வது, இரவல் கோட்டைக் காட்டிலும் இரங்கத்தக்கது.

தலைமறைப்பு அணியும் மாணவியர்க்கு ஒரு சொல். படத்திற்காக அதனைக் கழற்றத்தான் வேண்டுமென்று எவரேனும் கூறினால் தயங்காது மறுக்கலாம். சமயக் காரணத்தால் தலையை மறைப்பதைக் கடவுச்சீட்டு விதிகளே ஏற்கின்றன. தாடையின் அடியிலிருந்து நெற்றியின் மேற்பகுதி வரை முகம் தெளிவாகத் தெரிதலும், முகத்தில் நிழல் விழாதிருத்தலும் வேண்டும், அவ்வளவே. தொப்பி அணியும் மாணவர்க்கும் இதுவே பொருந்தும். மினுமினுப்பு இல்லாத, ஆடையின் நிறத்திலிருந்து சற்று வேறுபட்ட துணியாக இருப்பின் முகம் எடுப்பாகத் தோன்றும்.

விலையைவிட அளவு முக்கியம். தோள் தையல் தோளிலேயே நிற்கும் நூற்றைம்பது ரூபாய்ச் சட்டை, தொளதொளக்கும் ஆயிர ரூபாய்ச் சட்டையை வென்றுவிடும். புதுத்துணியை ஒருமுறை துவைத்து, இஸ்திரி போட்டு, உட்கார்ந்து பார்க்க வேண்டும். நிற்கையில் சரியாயிருக்கும் சட்டை, அமர்ந்ததும் பொத்தானிடையே பிளப்பதுண்டு. கோதை நாச்சியார் மாலை சூடி அழகு பார்த்ததாகச் சொல்லப்படும் கண்ணாடிக் கிணறு திருவில்லிபுத்தூரில் உள்ளது. நமக்கோ கையிலேயே கைப்பேசி உள்ளது. இரண்டு மூன்று உடைகளில் வீட்டு வாசலில் படமெடுத்து, அவற்றை மூத்தவர் ஒருவரிடமும், வேலையிலிருக்கும் ஒருவரிடமும் காட்டிக் கருத்துக் கேட்கலாம். நண்பர்களின் பாராட்டை இதில் அவ்வளவாக நம்புவதற்கில்லை. வெளியில் படம் எடுப்பதாயின் உச்சிவெயில் கூடாது. நம் பகுதியில் மேற்கே மலைத்தொடர் நிற்பதால் மாலைக் கதிர் முன்னரே மறைந்துவிடும். ஐந்து மணிக்குள் தொடங்கிவிடுதல் நல்லது.