இருபத்தொன்று ஆகும் முன்

கோட்டைச் சுவரில் ஆணியால் பெயர் கீறும் பையனுக்கு அது விளையாட்டு. 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டத்திலோ அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. அங்குள்ள கல்யாண மகால் சுவரில் கீறுபவனை இனியும் கண்டும் காணாமல் விடுவார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம்.

அவனுக்கு வயது 19 என்று வைத்துக்கொள்வோம். வழக்கு விழுந்ததும் வீட்டுக்கு வரும் முதல் யோசனை, "ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டு வந்துடு, கோர்ட்டுக்கு யார் அலையறது?" கட்டினால் அலைச்சல் தீரும், தண்டனை பெற்றவன் என்ற பதிவு தீராது. நாலு வருஷம் கழித்துக் காவலர் தேர்வில் ஓட்டம், கயிறு எல்லாம் தாண்டி வந்தவனைச் சரிபார்ப்பின்போது அந்தப் பதிவு மறிக்கும்.

இதற்கு மாற்றுவழி நம் சட்டத்திலேயே இருக்கிறது. அதே 1958-இல் வந்த குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம்தான் அது. முன்தண்டனை இல்லாதவர் சிறு திருட்டு, ஏமாற்று, இரண்டு ஆண்டுக்கு மேற்படாத தண்டனையுள்ள குற்றம் போன்றவற்றில் சிக்கினால், பிரிவு 3-இன்படி நீதிமன்றம் எச்சரித்து அனுப்பலாம். பிரிவு 4-இன்படி, அதிகபட்சம் மூன்று ஆண்டுக்கு நன்னடத்தைப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் விடலாம். 21 வயது நிரம்பாதவருக்குப் பிரிவு 6 இன்னும் வலுவானது. அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெறாமல், காரணத்தை எழுதிவைக்காமல் சிறைக்கு அனுப்பக் கூடாது. ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

பலருக்கும் தெரியாதது பிரிவு 14. தன் மேற்பார்வையில் இருப்பவருக்குத் தேவைப்பட்டால் தகுந்த வேலை தேடித்தர முயல்வதும் அந்த அலுவலரின் கடமை என்கிறது அது. வழிகாட்டியும் வேலையும் சட்டத்திலேயே எழுதியிருக்கின்றன, கேட்பதற்குத்தான் ஆளில்லை. "திருடினவனுக்கு வேலையா? கேபிள் போன எனக்கு என்ன?" என்று பம்புசெட் கேபிளைத் திருட்டுக் கொடுத்த ஒருவர் கேட்டால் அதுவும் நியாயம்தான். பிரிவு 5-இன்படி அவருக்கு இழப்பீடும் செலவுத்தொகையும் கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்தால் முடியும்.

1967-இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் வேரா நீதி நிறுவனம் தொடங்கிய திட்டம் இதற்கும் ஒரு படி முன்னே போனது. வழக்கை நிறுத்திவைத்து, வேலைக்கு ஏற்பாடு செய்து, ஒழுங்காக நடந்துகொண்டவர்மீது இருந்த வழக்கையே தள்ளுபடி செய்ய வைத்தது. 18 தாண்டியவர்களுக்கு நம்மிடம் அப்படியொரு பொது ஏற்பாடு கிடையாது. போதைப்பொருள் சட்டத்தின் பிரிவு 64அ ஒன்று அதற்குக் கிட்டே வரும். அடிமைப்பட்டவர் பயன்படுத்திய வழக்கிலோ சிறிய அளவு பிடிபட்ட வழக்கிலோ சிக்கி, தாமாகவே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. விற்றவருக்கு இது உதவாது.

குடும்பங்கள் கோட்டை விடுவது வயதுக் கணக்கில்தான். 18 நிரம்பவில்லை என்பதைக் குற்றம் நடந்த தேதியை வைத்துப் பார்ப்பார்கள். நிரம்பாவிட்டால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போய்விடும். 21-ஐயோ தண்டனை விதிக்கும் தேதியை வைத்துத்தான் பார்ப்பார்கள். உச்ச நீதிமன்றம் 1962-இல் ராம்ஜி மிசார் வழக்கில் சொன்னது இது. 19 வயதில் சிக்கியவன் வாய்தா வாய்தாவாக இழுத்தடித்து 22-இல் தீர்ப்பு வாங்கினால் பிரிவு 6-இன் காப்பு போயிற்று. 3-உம் 4-உம் மிஞ்சும், ஆனால் அவை நீதிபதி மனம்வைத்தால்தான். "இழுத்தா தானா ஆறிடும்" என்பது இந்த வயதில் நஷ்டக் கணக்கு.

ஆகவே வழக்கு வந்ததுமே வக்கீலைப் பாருங்கள். செஞ்சி நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப்பணிகள் குழு இருக்கிறது; நாடு முழுவதற்குமான சட்ட உதவித் தொலைபேசி 15100. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. ஸ்டேஷனிலேயே முடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டாம். ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் உடனே கைது செய்துதான் தீர வேண்டும் என்பதில்லை. நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கச் சட்டம் இடம்தருகிறது. பையன் குற்றத்தை ஒத்துக்கொள்வதாகவே இருந்தாலும், அபராதம் என்று முடியும் முன் நன்னடத்தைச் சட்டத்தின்படி விடச் சொல்லி வக்கீல் மூலம் கேளுங்கள்.

அலுவலர் வீட்டுக்கே வந்து விசாரிப்பார். பையன் எங்கே படித்தான், யாரோடு சுற்றுகிறான், காலையில் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறான் என்று அக்கம்பக்கத்திலும் கேட்பார். வெறுங்கையோடு நிற்காதீர்கள். திண்டிவனம் ஐடிஐயில் சேர்ந்த ரசீதோ, மெக்கானிக் ஷெட் முதலாளி கொடுத்த கடிதமோ இருந்தால் அறிக்கையில் எழுத அவருக்கு ஏதாவது கிடைக்கும். நிலையான முகவரியும் ஜாமீன்தாரரும் தயாராக இருக்கட்டும். பத்திரத்தின் நிபந்தனையை மீறினால் பழைய குற்றத்துக்கே தண்டனை திரும்பி வரலாம்.

பிரிவு 3 அல்லது 4-இல் விடப்பட்டவருக்குத் தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது பிரிவு 12. அதற்காக வழக்கே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. வேலை விண்ணப்பத்தில் வழக்கு இருந்ததா என்று கேட்டிருந்தால் உள்ளதை எழுதி, உத்தரவின் நகலையும் இணையுங்கள். அவ்தார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் கூறியபடி, அற்பமான வழக்கை மறைத்தவரை மன்னிக்க வேலை கொடுப்பவருக்கு இடமுண்டு. ஆனால் மறைத்ததற்காகவே வேலை பறிபோகவும் வழியுண்டு.