மனதுக்கு ஒரு தராசு - 7: ஒன்பதாவது மூச்சு

போன வாரம், மைண்ட்ஃபுல்னஸை, அதாவது இந்தக் கணத்தில் விழிப்போடு இருப்பதை, அளக்கும் 39 கேள்வி வினாத்தாளில் நிறுத்தியிருந்தோம். மனச்சோர்வில் இருப்பவர் தன்னைப் பற்றி எதைக் கேட்டாலும் குறைத்தே எழுதுவார், சோர்வு விலகினால் மதிப்பெண் தானாக ஏறும் என்ற சிக்கல் நினைவிருக்கும். இந்த வாரம் அதை இதயத் துடிப்பால் அளப்பதற்கு வருவதாகச் சொன்னேன். அதற்குள் வேறொன்று பிடித்துக்கொண்டது.

அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் டேனியல் லெவின்சன், ரிச்சர்ட் டேவிட்சன் முதலானோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு அது. உட்கார வேண்டும், மூச்சை எண்ண வேண்டும். ஒன்றிலிருந்து எட்டு வரை ஒரு பொத்தான், ஒன்பதாவது மூச்சுக்கு மட்டும் வேறு பொத்தான். பிறகு மறுபடி ஒன்று. அவ்வளவுதான் பரீட்சை! மனம் எங்கோ போய்விட்டாலும் விரல் மட்டும் பழக்கத்தில் தட்டிக்கொண்டே இருக்கும். ஒன்பது தாண்டிப் பதினொன்றில் முழித்துக்கொள்வோம். கணினி குறித்துக்கொள்ளும். 400 பேருக்கு மேல் எண்ணிப் பார்த்தார்கள். சரியாக எண்ணியவர்களுக்கு மனம் அலைவது குறைவு, மனநிலையும் மேல். நெடுநாள் தியானம் பழகியவர்கள் மற்றவர்களைவிட நன்றாக எண்ணினார்கள். வினாத்தாளில் நம்மை நாமே உயர்த்தி எழுதிக்கொள்ளலாம். ஒன்பதாவது மூச்சிடம் அந்த ஜம்பம் பலிக்காது.

படித்ததும் தாத்தாவின் களம் ஞாபகம் வந்தது. நெல் அளப்பவர் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார், 'லாபம்' என்பார். அடுத்த மரக்கால் நிரம்பும்வரை அந்த எண்ணையே ராகம் போட்டு வாய்க்குள் உருட்டிக்கொண்டிருப்பார். பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் போச்சு.

சரி, சிகிச்சைக்கு வருவோம். ஜிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் மூவரும் உருவாக்கிய 8 வார மைண்ட்ஃபுல்னஸ் சிகிச்சை, மனச்சோர்விலிருந்து மீண்டவர்களுக்கு அது திரும்ப வராமல் தடுப்பதற்கானது. 2000-இல் வந்த அவர்களின் ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ விழுந்து எழுந்தவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 66 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. பயிற்சியும் பெற்றோரில் 37 சதவீதம். பலன் இருக்கிறது. ஆனால் பலன் தந்தது மைண்ட்ஃபுல்னஸ்தானா, வாராவாரம் பத்துப் பேர் கூடி உட்கார்ந்த ஆறுதலா? இதைப் பிரித்துப் பார்க்கத்தான் தராசு தேவை.

மூச்செண்ணல் அந்தத் தராசில் ஒரு தட்டு மட்டும் என்பது என் கட்சி. அது கவனத்தை அளக்கிறது. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பு வரும்போது, இது ஒரு நினைப்பு, அவ்வளவே என்று ஒதுங்கி நின்று பார்ப்பதுதான் இந்தச் சிகிச்சையின் உயிர். அதற்குப் பொத்தான் எது?

நேற்று நானும் மேஜையில் இரண்டு விரலை வைத்து எண்ணிப் பார்த்தேன். முதல் சுற்று தேறியது. இரண்டாவதில் ஆறாம் மூச்சில் பத்திரிகை ஆசிரியரின் முகம் வந்தது. விழித்தபோது பதினான்கு.

இதயத் துடிப்பு அடுத்த வாரம்.