வெள்ளம் வளர்க்கும் காடு

கணவருக்கு குவாஹாட்டிக்குப் பணிமாற்றம் வந்தபோது எங்கள் மகள் கேட்ட முதல் கேள்வி, “அங்கே காண்டாமிருகம் இருக்கிறதாமே?” என்பதுதான். அந்த வாரமே ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கினோம். அது முதிர்ந்த பிப்ரவரியில், 72 வயதான என் மாமியாரையும் அழைத்துக்கொண்டு காசிரங்கா தேசியப் பூங்காவுக்குப் புறப்பட்டோம்.

குவாஹாட்டியிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 200 கி.மீ. பூங்காவின் நடுச் சரகமான கோஹோராவில் தங்கினோம். முழங்கால் வலியை எண்ணி அத்தை மறுநாள் காலையில் அறையிலேயே இருந்துவிட்டார். அவர் இழந்தது ஒன்றுமில்லை. ஜீப்பை மறைக்கும் உயரத்துக்கு யானைப்புல். அதன்மேல் விலகாத பனிமூட்டம். நாங்கள் கண்டது பாதையோரத்தில் ஒரு பெரிய சாணக் குவியல் மட்டுமே. காண்டாமிருகங்கள் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து சாணமிடும் என்று வழிகாட்டி ஆர்வத்தோடு விளக்கினார். மகளின் முகமோ வாடிவிட்டது.

பிற்பகலில் மேற்கே உள்ள பாகோரி சரகத்துக்குச் சென்றோம். “எலும்பு குலுங்கினால் குலுங்கட்டும்” என்று அத்தையும் ஓட்டுநருக்கு அருகில் ஏறி அமர்ந்துவிட்டார். நீர்நிலை ஒன்றின் கரையில், முப்பது அடி தூரத்தில், தாயும் குட்டியுமாக ஒற்றைக்கொம்பன்கள் மேய்ந்துகொண்டிருந்தன. கவசம் பூட்டியது போன்ற மடிப்பு மடிப்பான தோல். பார்வை மங்கலானாலும் செவியும் மோப்பமும் கூர்மையானவை. ஆகவே மூச்சை அடக்கிப் பார்த்தோம். குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டியே நடந்தது.

திரும்பும் வழியில், உயரமான தூண்களின்மேல் நின்ற வனக்காவலர் முகாமொன்றை வழிகாட்டி காட்டினார். தூணில், ஆள் உயரத்துக்கும் மேலே, வெள்ளம் ஏறிய தடம். மழைக்காலத்தில் பிரம்மபுத்திரா பெருகி இக்காட்டுக்குள் புகுந்துவிடும் என்றார்.

“அப்போது அந்தக் குட்டி எங்கே போகும்?” என்றாள் மகள்.

அவர் தெற்கே கைகாட்டினார். கார்பி ஆங்லாங் குன்றுகள். விலங்குகள் மேடு தேடி அங்கே செல்லும். பூங்காவுக்குள் எழுப்பியுள்ள மண்மேடுகளிலும் ஒதுங்கும். ஆனால் குன்றுக்கும் காட்டுக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. நீரில் மூழ்கி இறப்பவை போக, சாலையைக் கடக்கையில் வாகனங்களில் அடிபடுபவையும் உண்டு.

“வெள்ளத்தையே தடுத்துவிட்டால் என்ன, பாட்டி?”

அத்தை கொள்ளிடக் கரையில் பிறந்தவர். “தடுத்தால் புல் ஏது, கண்ணு? வெள்ளம் கொண்டுவரும் வண்டலில்தானே எல்லாம் முளைக்கிறது” என்றார். அதை நான் இந்தியில் சொன்னதும் வழிகாட்டி மகிழ்ந்துபோனார். பீல் எனப்படும் ஏரிகளில் மண்டும் ஆகாயத்தாமரையை வெள்ளமே அடித்துச் செல்கிறது, மீன்களைக் கொணர்கிறது, புல்வெளி மரக்காடாக மாறாமல் காக்கிறது என்று அடுக்கினார்.

காண்டாமிருகங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு அருகிவிட்ட நிலையில், 1908-இல் இது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 1974-இல் தேசியப் பூங்காவாகியது. 1985-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இருந்தவை 2,613. நம் நகத்திலுள்ள அதே பொருளாலான ஒரு கொம்புக்காகவா இவற்றை வேட்டையாடினார்கள் என்று நினைக்கையில் எரிச்சலே வருகிறது.

செல்ல விரும்புவோர் நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மழைக்காலத்தில் பூங்கா மூடப்பட்டிருக்கும். திறந்த ஜீப்பில் காலைக் குளிர் கடுமையாக இருக்கும். கம்பளி ஆடை அவசியம். அடையாள அட்டையை மறவாதீர்கள். ஒரே சவாரியோடு திரும்பிவிடாமல், இரு சரகங்களையாவது பாருங்கள். பறவைகளில் நாட்டமுடையோருக்குக் கிழக்கிலுள்ள அகரதொலி ஏற்றது.

ஊர் திரும்பும்போது நெடுஞ்சாலையில் விலங்குகள் கடக்கும் இடங்களைக் குறிக்கும் பலகைகளை மகள் எண்ணிக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றிலும் அத்தை ஓட்டுநரின் தோளைத் தொட்டு, “மெல்ல, தம்பி, மெல்ல” என்றார். தமிழ் அறியாத அவரும் ஒவ்வொரு முறையும் வேகத்தைக் குறைத்தார்.