"லவ் ஃபெயிலியரா?": இறந்தவரைப் பத்தி எப்படிக் கேட்கணும்?

இன்னைக்குத் தற்கொலை பத்தின பேச்சு வருது. மனசு சரியில்லாத நாளா இருந்தா அப்புறம் படிங்க. யார்கிட்டயாவது பேசணும்னா டெலி மானஸ், 14416.

இந்த எபிசோடை ஏற்காட்டுல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். என் காலேஜ் ரூம்மேட்டோட ஊர். மூணாவது வருஷ லீவுல வந்தவன், இந்த மலையில விழுந்து இறந்துட்டான். தவறி விழுந்தானா, வேற எதுவுமானு இன்னும் தெரியாது. விசாரிச்சவர் என்கிட்ட கேட்ட முதல் கேள்வி: "லவ் ஃபெயிலியரா?" எனக்கு அப்போ 20 வயசு. "இருக்கலாம் சார்"னு சொன்னேன். ஊர் முழுக்க அதுவே காரணமாயிடுச்சு.

இந்த மாதிரி சந்தேக மரணங்களுக்குத்தான் உளவியல் பிரேதப் பரிசோதனை. விபத்தா, தற்கொலையானு முடிவு பண்ண முடியாத சாவுகளுக்காக, 1958 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸ் மரண விசாரணை அதிகாரி தியோடர் கர்ஃபி, எட்வின் ஷ்னைட்மன் குழுவோட உதவியைக் கேட்டார். இறந்தவரைத் தெரிஞ்சவங்ககிட்ட பேசி, அவரோட கடைசி நாட்கள்ல மனசு எப்படி இருந்துச்சுனு தேடுறதுதான் முறை.

இதுல "ஏன்"னு ஆரம்பிக்கவே கூடாது. "அவர் எப்படிப்பட்டவர்?"னு வாழ்க்கையில இருந்து தொடங்கணும். தூக்கம், சாப்பாடு, வேலை, கடன், குடி, அடுத்த வாரத்துக்கு என்ன பிளான் வச்சிருந்தார்னு மெதுவா வரணும். அம்மாகிட்ட தனியா, நண்பன்கிட்ட தனியா பேசணும். அம்மாவுக்குத் தெரியாதது நண்பனுக்குத் தெரிஞ்சிருக்கும். முடிவு தெரிஞ்ச பிறகு பழைய பேச்செல்லாம் அறிகுறியாத் தோணும். அதனால "அன்னைக்கே உங்களுக்கு அப்படித் தோணுச்சா?"னு கேட்கறது முக்கியம். எங்க ஆபீஸ்ல சர்வர் விழுந்தா நடத்துற போஸ்ட்மார்ட்டம் மீட்டிங்லயும் இதே தொல்லைதான். ஆனா சர்வருக்கு அழத் தெரியாது. இங்கே பதில் சொல்றவர் துக்கத்துல இருக்கார், "நான் கவனிச்சிருக்கணுமோ"ங்கிற குற்ற உணர்ச்சியோட.

2018 ஜூலை 1, டெல்லி புராரியில ஒரே குடும்பத்துல 11 பேர் இறந்து கிடந்தாங்க. போலீஸ் முதல்ல கொலை வழக்குப் போட்டாங்க. அப்புறம் மத்திய தடய அறிவியல் ஆய்வகம் உளவியல் பிரேதப் பரிசோதனை பண்ணுச்சு. வீட்டு நோட்டுகளைப் படிச்சாங்க, உறவினர், நண்பர்கள் சொன்னதையும் பார்த்தாங்க. யாருக்கும் உயிரை விடற எண்ணம் இல்லை, ஒரு சடங்கு செய்யும்போது நடந்த விபத்துனு அறிக்கை சொல்லுச்சு. உடம்பை மட்டும் பார்த்து இந்த எண்ணத்தைச் சொல்லியிருக்க முடியாது. ஆனா இதுவும் ஒரு கருத்துதான், கைரேகை மாதிரி ஆதாரம் இல்லை.

நேத்து ரூம்மேட்டோட அம்மாவைப் பார்த்தேன். "அவன் சின்ன வயசுல எப்படிம்மா?"னு மட்டும் கேட்டேன். ரெண்டு மணி நேரம் பேசினாங்க. கிளம்பும்போது, "இத்தனை வருஷத்துல யாரும் இதைக் கேட்கலப்பா"ன்னாங்க. ரெக்கார்டரைப் பையை விட்டு எடுக்கவே இல்லை.