உறைந்துபோகும் தோள்கள்

பஸ்ஸின் மேற்கம்பியைப் பிடிக்க முடியவில்லை, தலைவாரக் கையை உயர்த்த முடியவில்லை, இரவில் அந்தப் பக்கமாகச் சரிந்து படுக்கவும் முடியவில்லை. ஐம்பது வயதை அண்மித்தவர்கள் கூடும் இடங்களிலெல்லாம் கேட்கும் முறைப்பாடு இது. வாதம் என்பர் சிலர், வாயு என்பர் வேறு சிலர். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாலோ எலும்பில் குறையெதுவும் தென்படுவதில்லை. அதனால் நோவு மிகைப்படுத்திச் சொல்லப்படுகிறது என்று வீட்டார் எண்ணிவிடுகின்றனர். இதை எழுதுபவரும் சில ஆண்டுகளுக்கு முன்னர் இந்த ஐயப்பார்வைக்கு ஆளாகியவரே.

குறை எலும்பிலும் இல்லை, பெரும்பாலும் தசையிலும் இல்லை. இவையிரண்டையும் போர்த்தியும் பிணைத்தும் நிற்கும் தொடுப்பிழையத்திலேயே உள்ளது. இறைச்சியை வெட்டும்போது தசையின் மேல் வெண்ணிறமாகப் பளபளக்கும் மெல்லிய சவ்வைக் கண்டிருப்போம். மனித உடலிலும் இத்தகைய உறைகள் ஒவ்வொரு தசையையும், தசைக்குள்ளிருக்கும் ஒவ்வொரு நாரையும் கூடச் சூழ்ந்துள்ளன. உறுதியைத் தருவது கொலாஜன் எனும் புரதம். ஓர் அடுக்கு மற்றதன் மீது வழுக்கிச் செல்ல உதவுவது இடையிலுள்ள வழுவழுப்பான திரவம். உடற்கூற்றியல் வகுப்புகளில் தசையை நன்கு காண்பதற்காக மாணவர்கள் நெடுங்காலம் சுரண்டி எறிந்துவந்த பொருள் இது. இதனை மட்டுமே ஆராய்வோரின் முதலாவது சர்வதேச மாநாடு 2007ஆம் ஆண்டிலேயே பொஸ்டன் நகரில், ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியில் நடைபெற்றது.

ஈராண்டுகளின் பின்னர் அமெரிக்காவின் வேர்மொன்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெலன் லன்ஜெவின் குழுவினர், 107 பேரின் கீழ்முதுகை அல்ட்ராசவுண்ட் கருவியால் அளந்தனர். நாட்பட்ட முதுகுவலி உள்ளவர்களிடம் தசையைச் சூழ்ந்த தொடுப்பிழையம் ஏறக்குறைய 25 சதவீதம் தடித்திருந்தது. அடுக்குகள் ஒன்றின் மீது ஒன்று வழுக்கும் அளவும் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்ததை 2011இல் வெளியான அவர்களின் மற்றோர் ஆய்வு காட்டியது. எனினும் தடிப்பினால் வலி வந்ததா, வலிக்கு அஞ்சி அசையாதிருந்ததால் தடிப்பு வந்ததா என்பதை இவ்வாய்வுகளைக் கொண்டு தீர்மானிக்க இயலாது.

தோளில் நடப்பது இதைவிடத் தெளிவானது. தோள்மூட்டைச் சூழ்ந்து ஒரு தளர்வான பை உண்டு. கை எத்திசையிலும் சுழல்வது இப்பையின் தளர்வினாலேயே. முதலில் இதில் அழற்சி தோன்றுகிறது. பின்னர் கொலாஜனை உற்பத்தி செய்யும் கலங்கள் பெருகி, சுருங்கும் ஆற்றலையும் பெற்றுவிடுகின்றன. ஆறும் காயத்தின் தழும்பு சுருங்குவது போலப் பை தடித்துச் சுருங்குகிறது. கையைத் தாமாக உயர்த்த முடியாதிருப்பது மட்டுமன்றி, பிறர் பிடித்து உயர்த்தினாலும் அது உயராது. தசைநாண் கிழிந்தவரிடமிருந்து இந்நோயாளியை வேறுபடுத்த வைத்தியருக்கு உதவும் முக்கிய அடையாளம் இதுவாகும். பொஸ்டன் நகரின் சத்திரசிகிச்சை நிபுணர் ஏர்னஸ்ட் கொட்மன் 1934இல் இதற்கு 'உறைந்த தோள்' எனப் பெயரிட்டார். ஜப்பானியரோ 'ஐம்பது வயதுத் தோள்' என்கின்றனர். அதுவே பொருத்தமான பெயர் என்பது எமது அபிப்பிராயம்.

நீரிழிவு பரவியுள்ள எமது நாட்டில் கவனிக்கவேண்டிய செய்தி இதன் பின்னரே வருகிறது. பொதுமக்களில் 100 பேரில் 2 முதல் 5 பேருக்கு ஏற்படும் இந்நோய், நீரிழிவு உள்ளவர்களில் 10 முதல் 20 பேரைப் பீடிப்பதாக மதிப்பிடப்படுகிறது. இரத்தத்தில் மிகையாக இருக்கும் சீனி கொலாஜன் இழைகளில் ஒட்டி, அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து விறைப்பாக்குவதே இதற்கான காரணங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. தோள் உறைந்தவர்களுள் தமக்கு நீரிழிவு இருப்பதையே அறியாதவர்களும் உண்டு. கண்ணும் சிறுநீரகமும் பழுதடையும் வரை மௌனமாக இருக்கக்கூடிய ஒரு நோயைத் தோள் முன்கூட்டியே காட்டிக்கொடுக்குமாயின், எண்ணெய் தேய்ப்பதோடு நின்றுவிடுவது பேரிழப்பாகும். காரணம் தெரியாமல் தோள் இறுகிய ஒருவர் இரத்தச் சீனியையும், வைத்தியர் பரிந்துரைத்தால் தைரொய்ட் சுரப்பியின் நிலையையும் பரிசோதித்துக்கொள்வது அவசியமாகும்.

சிகிச்சையில் அவசரம் உதவுவதில்லை. வலி மிகுந்த காலம், இறுக்கம் மிகுந்த காலம், படிப்படியாகத் தளரும் காலம் என நோய் ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் வரை நீடிக்கக்கூடும். சிலருக்கு ஓரளவு இறுக்கம் எஞ்சியும் விடுகிறது. பிரித்தானியாவில் 503 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்று 2020இல் லான்செட் சஞ்சிகையில் வெளியானது. ஸ்டீரொய்ட் ஊசியுடன் கூடிய இயன்மருத்துவம், மயக்கமருந்து கொடுத்து மூட்டை அசைத்துத் தளர்த்துதல், நுண்துளைச் சத்திரசிகிச்சை ஆகிய மூன்றும் அதில் ஒப்பிடப்பட்டன. ஓராண்டின் முடிவில் எதுவும் மற்றவற்றைவிடத் தெளிவாக மேம்பட்டிருக்கவில்லை. சத்திரசிகிச்சைக்காகக் காணியை ஈடுவைக்க எண்ணுவோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

வலி கடுமையாக இருக்கும் ஆரம்பக் கட்டத்தில் கையை வலிந்து இழுத்து முறுக்குவது அழற்சியைத் தூண்டும். அஞ்சி முற்றாக அசைக்காதிருப்பதோ இறுக்கத்தை வளர்க்கும். வலி தாங்கக்கூடிய எல்லைக்குள், குனிந்து நின்று கையை ஊசல்போல ஆட்டுவதும் சுவரில் விரல்களால் மெல்ல மேலேறுவதும் இயன்மருத்துவர்கள் வழமையாகக் கற்றுத்தரும் பயிற்சிகள். ஊசி போடச் சம்மதிக்கும் நீரிழிவு நோயாளி தமது நோயை வைத்தியருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஸ்டீரொய்ட் மருந்து சில நாட்களுக்கு இரத்தச் சீனியை உயர்த்தும் தன்மையுடையது; அந்நாட்களில் அளவை வழமையைவிட அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.